முதலில் ஊற்றும், பிறகு பார்க்கும்

அத்தியாயம் 9

நாலு நாளாகத் தகரம் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டிருந்த அத்தைக்கு அதுவே பெரிய மர்மமாக இருந்தது.

"என்னடா, வாயைத் தைச்சுக்கிட்டு வர்ற? உடம்புக்கு முடியலயா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல அத்தை."

"அப்போ மனசுக்கா?"

தகரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஓயாமல் சத்தம் போடுகிறான் என்று சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர் அது. கல்யாணமாகி, முன்தலையில் முடி கொட்டத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் மட்டும் கொட்டவில்லை. அத்தை அவன் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. ஊருக்குத் துப்பறியும் மேடம், அவனுக்கு முதலாளி.

மனசுக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை காலை, நீச்சல் சங்கத்தின் சின்னக் குளத்தில் இறங்கிய பிள்ளைகள் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று அலறியடித்துக்கொண்டு கரையேறினார்கள். ஒரு குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தது. தண்ணீரில் குளோரின் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. குளோரின் ஊற்றுவது தானியங்கி மெஷின். அதன் திரையில் 'இன்று ஊற்றியது: ஒரு முறை' என்று சமத்தாக எழுதியிருந்தது. ஆனால் பக்கத்திலிருந்த குளோரின் கேன் கிட்டத்தட்டக் காலி. மெஷின் ஒரு முறைதான் ஊற்றியது என்றால் மீதியை யாரோ கையால் ஊற்றியிருக்க வேண்டும். மெஷின் அறைச் சாவியோ குளத்துக்காரர் ஒருவரிடம் மட்டும்தான். குளத்தைக் கழுவி, தண்ணீர் பார்த்து, பத்து வருஷமாக அங்கேயே கிடக்கிற மனிதர். "ஆமாம்மா, வேற யாரும் உள்ள வரல" என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

அதுவரைக்கும் அத்தையின் கணக்கு. அதற்குமேல் செய்ததெல்லாம் தகரத்தின் நாக்கு.

குளத்தங்கரையில் கூட்டம் நின்றபோது, குளத்துக்காரருக்கும் சங்கச் செயலாளருக்கும் போன வாரம் லீவு விஷயத்தில் வாய்த்தகராறு என்று யாரோ முணுமுணுத்தார்கள். இவன் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு மூடி ஊத்தச் சொன்னா, பழைய பகையைத் தீர்க்கிற மாதிரி கேனையே கவுத்துட்டாரு போல!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரித்துவிட்டு அப்படியே நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், 'பழைய பகையைத் தீர்க்க' என்று அதே வார்த்தையில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று ராத்திரி பிடித்துப் போன குளத்துக்காரர் இப்போது லாக்கப்பில் இருக்கிறார். இன்று சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். போய்விட்டால் வேலை போச்சு, சங்கம் கொடுத்த வீடும் போச்சு.

"அந்த மனுஷன் முகமே கண்ணுல நிக்குது அத்தை," என்றான் தகரம். "சோறு இறங்க மாட்டேங்குது."

"எனக்கு மட்டும் இறங்குதா? சாவி ஒருத்தர்கிட்டதான்னு அறிக்கை எழுதிக் குடுத்தது யாரு? நான். அதான் அந்த மெஷினுக்கு புரோகிராம் எழுதின பொண்ணை வரச்சொல்லியிருக்கேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம வா."

மெஷின் அறை ஒரு ஆள் நிற்க, இன்னொரு ஆள் சாய்ந்துகொள்ளத்தான் இடம் தரும். நீலக் கேன், வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து போகும் குழாய், சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். புரோகிராம்காரி ஏற்கெனவே பெட்டியைத் திறந்து லேப்டாப்பைச் செருகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என் புரோகிராம்ல தப்பே இல்ல மேடம்," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "ஞாயித்துக்கிழமையிலருந்து இதையேதான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்."

"தப்பு இருக்குன்னு நான் சொல்லலயேம்மா. அது என்ன செய்யுதுன்னு மட்டும் எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இதுக்கு லூப்னு பேரு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது. அதுல ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு, வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 'தேவையா?'ன்னு கேட்கும். தேவையில்லன்னா ஒண்ணும் செய்யாம போயிடும். இன்னொண்ணு, முதல்ல வேலையைச் செஞ்சிடும். கடைசியிலதான் 'போதுமா, இன்னும் வேணுமா?'ன்னு பார்க்கும். நான் எழுதினது ரெண்டாவது."

"ஏன்? முதல்லயே பார்த்தா என்ன?"

"குழாய்க்குள்ள பழைய தண்ணி நிக்கும் மேடம். அதை அளந்தா தப்பாத்தான் காட்டும். மோட்டாரைப் போட்டு, ஒரு தடவை ஊத்தி, குளத்துத் தண்ணியோட கலந்து சுத்தி வந்த பிறகு அளந்தாதான் சரியான கணக்கு. அதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அதனால எப்போ ஆன் பண்ணினாலும் ஒரு தடவை ஊத்திடும். அப்புறம்தான் பார்க்கும். ஒரு தடவையால ஒரு ஆபத்தும் கிடையாது."

தகரத்தின் வாய் தன்னையறியாமல் திறந்துகொண்டது. நாலு நாள் பூட்டு அது. "எங்க மாமியார் மாதிரி சொல்லுங்க! ஒரு கரண்டி சோத்தைப் போட்டுட்டுத்தான் 'போதுமா மாப்பிள்ளை'ன்னு கேட்பாங்க. வயிறு நிரம்பிப் போய் உட்கார்ந்தாலும் ஒரு கரண்டி உறுதி."

புரோகிராம்காரி சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை.

"டேய். உங்க மாமியார் போதுமான்னு கேட்கறதுக்கு முன்னாடி நீ எழுந்து போயிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்தா?"

"புதுசா வந்திருக்கேன்னு நினைச்சு இன்னொரு கரண்டி போடுவாங்க."

"மறுபடியும் எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தா?"

"இன்னொரு..." தகரம் பாதியில் நிறுத்தினான்.

அத்தை புரோகிராம்காரியின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா, முன்னாடி எத்தனை தடவை ஊத்தினோம்னு அதுக்கு ஞாபகம் இருக்குமா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனதைத் தகரம் பார்த்தான்.

"இருக்காது," என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. "கரண்ட் போனா எண்ணிக்கை அழிஞ்சிடும். மறுபடி ஊத்தினதும் ஒண்ணுன்னு காட்டும். ஐயோ... மேடம், பத்து நிமிஷத்துக்குள்ள யாராவது ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கிட்டே இருந்தா, ஊத்தும், ஊத்தும், ஊத்திக்கிட்டே இருக்கும். அளக்கிற இடத்துக்கே வராது. ஆனா அன்னிக்குக் கரண்ட் போகலயே!"

"கரண்ட் போகல. யாரோ பிடுங்கியிருக்காங்க."

அத்தை முட்டி வலியையும் பொருட்படுத்தாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிளக்கைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் கால்களுக்கு இடையில் ஒரு முடி சுற்றியிருந்தது. முழ நீளம். தரை மூலையில் இன்னும் நாலைந்து சுருள்கள் கிடந்தன.

"குளத்துக்காரர் தலை எப்படி இருக்கும்?"

"தேய்ச்சு வெச்ச பாத்திரம் மாதிரி," என்றான் தகரம். "ஒரு முடி கிடையாது."

"ஆக, உள்ள யாரும் வரலன்னு அவர் சொன்னது பொய். தன்னைக் காப்பாத்திக்க ஆள் பொய் சொல்றது உண்டு. இவர் சொன்ன பொய் இவரையே மாட்டி விட்டிருக்கு. அப்படிப்பட்ட பொய்யை யாருக்காகடா ஒருத்தன் சொல்லுவான்?"

வாசலில் செருப்புச் சத்தம். செயலாளர் வந்து நின்றார். இஸ்திரி கலையாத சட்டை, முகத்திலும் அதே இஸ்திரி.

"என்ன மேடம், முடிஞ்ச கேஸை இன்னும் எதுக்குக் குடைஞ்சுக்கிட்டு இருக்கீங்க? அந்த ஆளே எல்லாம் தன் பொறுப்புன்னு ஒத்துக்கிட்டான்."

"சும்மா சுத்திப் பார்க்கிறோம் சார். வெளியில புதுசா ஒரு போட்டோ மாட்டியிருக்கீங்களே, ரொம்ப நல்லா இருக்கு."

அத்தை முகத்துக்கு நேராகப் புகழ்ந்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்று தகரத்துக்குத் தெரியும். செயலாளருக்குத் தெரியாது. மனிதர் குளிர்ந்துபோய் அவர்களை நடைபாதைக்கு அழைத்துப் போனார். சங்கத்துப் பெண்கள் அணி, ஒரே மாதிரிச் சட்டையில், பெஞ்சில் ஒரு வரிசையும் பின்னால் ஒரு வரிசையுமாக.

"போட்டிக்குப் போற டீம் மேடம். ஞாயித்துக்கிழமை காலையில பயிற்சி முடிஞ்ச கையோட, நான் நின்னு எடுக்க வெச்சேன். பெஞ்சு தூக்கிப் போடக் குளத்துக்காரனைத்தான் கூப்பிட்டேன். இங்க வந்து நல்ல பிள்ளை மாதிரி வேலை செஞ்சுட்டு, அங்க போய்ப் பாருங்க என்ன பண்ணியிருக்கான்!"

தகரம் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ உறுத்தியது. எல்லோரும் தலையை விரித்துப் படிய வாரி, சினிமாக்காரிகள் மாதிரி பளபளவென்று இருந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒருத்தியைத் தவிர. அவள் தலைமுடி மட்டும் கழுத்தோடு ஒட்டிக்கிடந்தது. சட்டைத் தோளில் தண்ணீர் வடிந்த திட்டு.

"அத்தை," என்றான் மெதுவாக. "குளத்துல இருந்து எழுந்து வந்தவங்க தலை இப்படிக் காஞ்சிருக்கக் கூடாது. இந்தப் பொண்ணு தலைதான் நியாயமா இருக்கு."

அத்தை அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நாலு நாளில் கிடைத்த முதல் பாராட்டு, கொஞ்சம் வலித்தது.

ஈரத்தலைக்காரியை மைதானத்தில் பிடித்தார்கள். குளம் பூட்டிக் கிடந்ததால் அணி தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அவளைத் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அன்னிக்கு உனக்கு மட்டும் ஹேர் டிரையர் கிடைக்கலயா கண்ணு?"

பெண் மலங்க மலங்க விழித்தாள். "அண்ணன் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு."

"எந்த அண்ணன்?"

"குளத்து அண்ணன். மெஷின் ரூமுக்குள்ள போனது தெரிஞ்சா செயலாளர் சார் டீமை விட்டே தூக்கிடுவாரு. முன்னாடியே மிரட்டியிருக்காரு."

"அப்புறம் எதுக்கு அங்க போனீங்க? உடை மாத்துற ரூம்ல பிளக் பாயிண்ட் இல்லயா?"

"எல்லாத்தையும் சார் கழட்டிட்டாரு. நாங்க தலை காய வெச்சுக் கரண்டை வீணாக்குறோமாம். போட்டோன்னு சொன்னதும் எல்லாரும் அண்ணன்கிட்டப் போய்க் கெஞ்சினோம். அவருதான் பாவம்னு மெஷின் ரூமைத் திறந்து விட்டாரு. இருக்கிறது ஒரு டிரையர், ஒரு பிளக். 'மெஷின் நின்னுடக் கூடாதும்மா. அவங்கவங்க வேலை முடிஞ்சதும் உடனே மாட்டிடுங்க, அடுத்த ஆளு வேணும்னா எடுத்துக்கட்டும்'னு சொல்லிட்டு பெஞ்சு தூக்கப் போயிட்டாரு. நாங்க அதேபடிதான் செஞ்சோம். ஒருத்தி கூட மறக்கல. ஒருத்தி காய வெச்சு மாட்டிட்டு வருவா, அடுத்தவ ஈரத்தைத் துவட்டிட்டு உள்ள போவா. பதினோரு பேர் முடிஞ்சாங்க. என் முறை வர்றப்போ போட்டோக்காரர் கூப்பிட்டுட்டாரு."

தகரம் மரத்தில் சாய்ந்துகொண்டான். ஒருத்தி ஒழுங்கீனமாகப் பிளக்கைப் பிடுங்கியே போட்டிருந்தால் கூட ஒன்றும் ஆகியிருக்காது. எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருந்து தொலைத்திருக்கிறார்கள்.

"ஏன் கேட்கறீங்க?" பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் குழந்தைக்கு... எங்களாலயா?"

தகரத்துக்கு நாக்கின் நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. அத்தை முந்திக்கொண்டாள்.

"உங்களால மட்டும் இல்ல கண்ணு. ஆனா உங்க கையும் அதுல இருக்கு. பொய் சொன்னா நீ இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவ. அந்த மனுஷன் ஜெயில்ல தூங்குவாரு."

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள். பிறகு மற்றவர்களை நோக்கி ஓடினாள்.

காரில் திரும்பும்போது அத்தை சொன்னாள்: "அந்தப் பெட்டியை என்னத்துக்குடா திட்டறது? நாமளும் அதையேதான் செஞ்சோம். முதல்ல ஒரு ஆளைக் காட்டிட்டோம், இப்பதான் சரியான்னு பார்க்கிறோம்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். குளத்துக்காரர் பெஞ்சு ஓரத்தில், யாருக்கோ இடம் விட்ட மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். செயலாளரும் கோர்ட்டுக்கு வர ஆஜராகிவிட்டார்.

"ரெண்டே நிமிஷம் சார்," என்றாள் அத்தை. "ஒரு பக்கெட் தண்ணி, ஒரு பிளக். அவ்வளவுதான் வேணும்."

புரோகிராம்காரி வெள்ளைப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். குழாயின் ஒரு முனையைப் பக்கெட்டில் போட்டாள். மறுமுனையைக் காலி ஜாடியில் விட்டாள். மேசை விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மாட்டினாள். டக். உர்ர்ர். ஜாடியில் தண்ணீர் விழுந்தது. திரையில் 'இன்று ஊற்றியது: ஒரு முறை'.

"இப்ப நீங்களே பிடுங்கி மாட்டுங்க சார்."

இன்ஸ்பெக்டர் பிடுங்கினார், மாட்டினார். டக், உர்ர்ர். ஒரு முறை என்றது திரை. மறுபடியும் பிடுங்கினார். அதே சத்தம், அதே ஒரு முறை. மனிதருக்கு ருசி கண்டுவிட்டது. ஜாடி நிரம்பி வழிந்து அவருடைய மேசைக் கண்ணாடிமேல் ஓடும்வரை விடவில்லை. திரை மட்டும் கடைசி வரைக்கும் 'ஒரு முறை' என்றே சாதித்தது.

"அடப்பாவி!" என்றார் பெட்டியைப் பார்த்து. "கூசாம பொய் சொல்லுதே! சரி மேடம், அன்னிக்குப் பிடுங்கினது யாரு?"

அத்தை வாசலைக் கை காட்டினாள். பெண்கள் அணி மொத்தமாக வந்து நின்றது.

"அய்யய்யோ, நீங்க ஏன்மா இங்க வந்தீங்க!" குளத்துக்காரர் பதறி எழுந்தார். "சார், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கதவைத் திறந்து விட்டேன். நான்தான் உடனே மாட்டச் சொன்னேன். மெஷினை நான்தான் ஏதோ தப்பா திருகித் தொலைச்சிட்டேன்னு நினைச்சேன், அதான் ஒத்துக்கிட்டேன். என் பேர்லயே எழுதிக்கோங்க."

"பிடுங்கினது நாங்க சார்," என்றாள் முன்னால் நின்றவள். பின்னாலிருந்து அழுகைச் சத்தம்.

"நான் பிடுங்கல," என்றாள் ஈரத்தலைக்காரி, உண்மை பேசியே தீருவது என்ற வைராக்கியத்தில். "ஆனா வரிசையில நின்னேன்."

"எண்ணிக்கையை அழியாம வெச்சிருந்தா திரையே காட்டிக் குடுத்திருக்கும் சார்," என்றாள் புரோகிராம்காரி. "அதை யோசிக்காம விட்டது நான்."

"கையால ஊத்தினதுன்னு சரிபார்க்காம எழுதினது நான்," என்றாள் அத்தை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஈரமேசைமேல் வைத்தார். "என்னங்க இது? இத்தனை வருஷ சர்வீஸ்ல குற்றவாளியைத் தேடித்தான் அலைஞ்சிருக்கேன். வரிசை கட்டி வந்து நிக்கிறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." பிறகு சுவரிலிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்த செயலாளர் பக்கம் மெல்லத் திரும்பினார். "சார், உடை மாத்துற ரூம்ல பிளக் பாயிண்டையெல்லாம் கழட்டினது யாரு?"

"அது... கமிட்டி முடிவு."

"கமிட்டியில யாரு?"

செயலாளரின் இஸ்திரி முதல் தடவையாகக் கலைந்தது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். நான்தான் என்று சொல்லவில்லை. அந்த அறையில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தும் சொல்லாதவர்கள் இரண்டே பேர். இரண்டாவது ஆள் ஜாடித் தண்ணீரைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டிருந்த தகரம்.

கையெழுத்தெல்லாம் முடிந்து குளத்துக்காரர் படியிறங்கியபோது அவன் பின்னாலேயே போனான்.

"தம்பி, அந்தக் குழந்தை எப்படி இருக்கு?" என்றார் அவர், முதல் கேள்வியாக.

"பரவாயில்லண்ணே. சாதாரண வார்டுக்கு மாத்திட்டாங்க. ரெண்டொரு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. தகரம் ஒரு படி கீழே இறங்கி அவர் எதிரே வந்து நின்றான். இப்போது சொல்லாவிட்டால் ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது.

"அண்ணே, அன்னிக்குக் குளத்தங்கரையில பழைய பகைன்னு உளறினது நான்தான். அந்த வார்த்தையை வெச்சுத்தான் உங்களைப் பிடிச்சாங்க. என்னை மன்னிச்சிடுங்க. சும்மா சிரிக்கத்தான் சொன்னேன்."

"தெரியும் தம்பி. நான் உங்க பக்கத்துலதானே நின்னேன். நானும் சிரிச்சேனே, பார்க்கலயா?"

தகரம் பார்க்கவில்லை. ஜோக் அடித்துவிட்டு யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவன் வழக்கம். ஆனால் அந்த ஒரு முகத்தை அன்று அவன் பார்க்கவே இல்லை.

"அந்த நேரத்துல உங்களுக்கு எப்படிண்ணே சிரிப்பு வந்துச்சு?"

"சிரிப்பு எங்க தம்பி வந்துச்சு," என்றார் குளத்துக்காரர். "எல்லாரும் சிரிக்கிறப்ப நான் மட்டும் சும்மா நின்னா, நான்தான் பண்ணேன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயந்து சிரிச்சேன்."